டாஃப்னியா சோதனை: டைகுரோமேட் ஈ.சி.50 எல்லைக்குள்ள வரல, கண்ட்ரோலும் 48 மணியில சாகுது

காட்பாடி_குடுவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாணியம்பாடி பக்கத்துத் தோல் கழிவுநீருக்கு டாஃப்னியா (தண்ணியில வாழுற சின்ன நீர்த்தெள்ளுப் பூச்சி) வச்சு 48 மணி நேர நச்சுச் சோதனை போடணும். மாதிரி, ஆர்.ஓ.வுக்கு அனுப்புறதுக்கு முந்தின கட்டத்துத் தண்ணி. அதுக்கு முன்னாடி பூச்சி ஒழுங்கா இருக்கான்னு பார்க்க பொட்டாசியம் டைகுரோமேட்டுல ஓட்டினேன். ரெண்டு இடத்துல இடிக்குது.

செஞ்ச முறை இதுதான். 24 மணிக்கு உட்பட்ட குஞ்சுங்க. 50 மி.லி. பீக்கர்ல 20 மி.லி. தண்ணி, பீக்கருக்கு 5 குஞ்சு, ஒவ்வொரு செறிவுக்கும் 4 பீக்கர். தீனி போடல, காற்று விடல. பி.ஓ.டி. (தண்ணியில உயிரிகள் இழுக்குற ஆக்சிஜன் அளவு) பார்க்குற இன்குபேட்டருக்குள்ள வச்சேன், 27 டிகிரி. நீர்ப்புத் தண்ணி (மாதிரியை நீர்க்கச் செய்யுற தண்ணி) ஐ.எஸ்.ஓ. தரக் கலவை, நாலு உப்பு போட்டது, கடினத்தன்மை 248 மி.கி./லி. வந்துச்சு. டைகுரோமேட்டுக்கு, நிறமானிக்காக அலமாரியில இருக்குற 500 மி.கி./லி. ஸ்டாக் கரைசலையே எடுத்து நீர்த்தேன்.

செறிவு 0.11, 0.20, 0.35, 0.64, 1.13 மி.கி./லி. 24 மணியில நகராம போனது 20-க்கு 0, 2, 9, 17, 20. ஸ்பியர்மன்-கார்பர் கணக்கு போட்டா ஈ.சி.50, அதாவது பாதிப் பூச்சியை நகராம ஆக்குற செறிவு, 0.375 வருது. இருக்க வேண்டியது 0.6-லிருந்து 2.1. கண்ட்ரோல்ல, அதாவது மருந்து சேர்க்காத பீக்கர்கள்ல, 24 மணியில 1 போச்சு, 48 மணியில 5 போச்சு.

கழிவுநீரையும் ஒரு தடவை வச்சுப் பார்த்தேன். 100, 50, 25 சதவீதத்துல 24 மணியிலேயே எல்லாம் காலி. 12.5-ல 6, 6.25-ல ஒண்ணுமில்ல. மொத்தக் குரோமியம் 1.1 மி.கி./லி. தான், ஆறு இணைதிறன் குரோமியம் கண்டறியும் அளவுக்குக் கீழ. பி.எச். 7.6, கரைந்த உப்பு 7,800 மி.கி./லி. குரோமியம் இல்லேன்னா எது கொல்லுது?

மேல்விஷாரம்_வேதியியல் எழுதியது:

தம்பி, முதல் இடிப்புக்கு விடை உங்க அலமாரியிலேயே இருக்கு. நிறமானிக்கு வச்சிருக்கிற 500 மி.கி./லி. ஸ்டாக் என்பது குரோமியம் கணக்கு. 141.4 மி.கி. டைகுரோமேட்டை 100 மி.லி.யில் கரைத்தால் வருவது அது. டைகுரோமேட்டின் மூலக்கூறு எடை 294.2, அதில் குரோமியம் 104. அதாவது உப்பின் எடையில் 35.35 சதவீதம்தான் குரோமியம். 0.6 முதல் 2.1 என்ற எல்லை உப்பின் எடைக்குச் சொன்னது, குரோமியத்துக்கு அல்ல. 0.375-ஐ 0.3535-ஆல் வகுங்கள், 1.06 வரும். எல்லையின் நடுவில் நிற்கிறது.

இன்னொன்று, அந்த எல்லை 24 மணி நேர அளவுக்குத்தான். 48 மணியின் எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது, அது எப்போதும் இறங்கித்தான் இருக்கும். நீங்கள் 24 மணி எண்ணைப் போட்டது சரி. பதிவேட்டில் எழுதும்போது "டைகுரோமேட்டாக" அல்லது "குரோமியமாக" என்று ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள்.

இனி டைகுரோமேட்டுக்கென்று தனி ஸ்டாக் போடுங்கள். தூளை 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து, 100 மி.கி. நிறுத்து 1 லிட்டராக்குங்கள். அதிலிருந்து 10 மி.லி. எடுத்து 100 மி.லி.யாக்கினால் 10 மி.கி./லி. வேலைக் கரைசல். இந்த இரண்டாம் கட்டத்தை வடிநீரில் செய்யாதீர்கள், நீர்ப்புத் தண்ணீரிலேயே செய்யுங்கள். காரணம் இருக்கிறது. 3.2 மி.கி./லி. பீக்கருக்கு 100 மி.லி.யில் 32 மி.லி. வேலைக் கரைசல் போகும். அது வடிநீராக இருந்தால் அந்தச் செறிவில் மட்டும் கடினத்தன்மை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடினத்தன்மை மாறினால் உலோகத்தின் நச்சும் மாறும். ஒவ்வொரு பீக்கரிலும் வேறு வேறு தண்ணீரை வைத்துவிட்டு ஒரே கோடு வரைய முடியாது.

100 மி.லி.க்கு 3.2, 5.6, 10, 18, 32 மி.லி. என்று எடுத்தால் 0.32, 0.56, 1.0, 1.8, 3.2 கிடைக்கும். நான்கு பீக்கருக்கு 80 மி.லி. போக மிஞ்சும் 20 மி.லி.யில் தொடக்கப் பி.எச்., கரைந்த ஆக்சிஜன் பார்த்துவிடலாம்.

வெப்பநிலைதான் அடுத்தது. நம் ஊரில் பி.ஓ.டி. மூன்று நாள், 27 டிகிரியில் பார்ப்பதால் இன்குபேட்டர் அதிலேயே நிற்கும். டாஃப்னியா மேக்னா என்ற இனத்துக்கு ஓ.ஈ.சி.டி. 202 என்ற பன்னாட்டுச் சோதனை வழிகாட்டி கேட்பது 18 முதல் 22 வரை, அதிலும் ஒரு சோதனைக்குள் கூட்டிக் குறைத்து 1 டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது. பி.ஓ.டி. குப்பிகளோடு ஒரே பெட்டியைப் பங்கு போட முடியாது. தனி நேரம் ஒதுக்கி 20-க்கு மாற்றி, உள்ளே ஒரு பீக்கர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள். கதவில் ஒளிரும் எண் உள்ளே இருக்கும் காற்றுக்கு உரியது. சித்திரை வெயிலில் கரன்ட் ஒரு மணி நேரம் போனாலே பீக்கர் ஏறிவிடும். பெட்டிக்குள் காலியாக இருக்கும் தட்டுகளில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் அந்த ஏற்றம் மெதுவாகும்.

கண்ட்ரோலில் 48 மணியில் 20-க்கு 5 என்பது 25 சதவீதம். அனுமதி 10 சதவீதம், அதாவது 2. ஆகவே இந்தச் சோதனை செல்லாது. ஆபட் திருத்தம் போட்டுக் காப்பாற்றலாமா என்று தோன்றும், வேண்டாம். அந்தத் திருத்தம் கண்ட்ரோலில் ஓரிரண்டு போனதைச் சமன் செய்வதற்கு. தண்ணீரிலோ பூச்சியிலோ கோளாறு இருக்கும்போது அதை மூடி மறைப்பதற்கு அல்ல. 24 மணி எண்ணை உங்கள் அறிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

நீர்த்தெள்ளு எழுதியது:

மேல்விஷாரம் சார் சொன்ன கணக்கு சரி. ஆனா 1.06 எல்லைக்குள்ள வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பூச்சி எங்கேருந்து வந்துச்சு? மீன் கடையில "டாஃப்னியா"ன்னு வாங்கினதா? அப்படின்னா நுண்ணோக்கியில 40 மடங்குல வச்சு ரெண்டு இடத்தைப் பாருங்க தம்பி. ஓட்டோட பின் நுனியில ஊசி மாதிரி ஒரு முள் நீட்டிக்கிட்டு இருக்கா? தலைக்கு அடியில ரெண்டு சின்னக் கொம்பு தெளிவா வெளிய தெரியுதா, இல்ல மூக்கு மாதிரி கூரா ஒரு நுனிக்கு அடியில மறைஞ்சிருக்கா?

காட்பாடி_குடுவை எழுதியது:

மேல்விஷாரம் அண்ணா, ரொம்ப நன்றி. ஸ்டாக் விஷயம் தலையில ஏறிடுச்சு.

மேடம், பூச்சி மீன் கடையில வாங்கினதுதான். இப்பதான் பார்த்தேன். பின்னாடி முள் இல்ல, முதுகு உருண்டையா முடியுது. தலைக்கு அடியில ரெண்டு நீளமான கொம்பு வெளியவே ஆடுது, மூக்கு நுனி இல்ல. சில தாய்ப்பூச்சி முதுகுல கருப்பா சேணம் மாதிரி ஒண்ணு இருக்கு, அது என்னன்னும் தெரியல. வளர்ப்புத் தொட்டி ஆய்வகத்து மூலையில ஜன்னல் பக்கம் இருக்கு.

நீர்த்தெள்ளு எழுதியது:

அப்ப அது டாஃப்னியா இல்ல தம்பி, மொய்னா. நம்ம ஏரி குட்டையில தானா வர்றது மொய்னாவும் சிரியோடாஃப்னியாவும் மாதிரிச் சின்ன வகைதான். டாஃப்னியா மேக்னா குளிர் நாட்டுப் பூச்சி, வேலூர் குட்டையில வலை போட்டா கிடைக்காது. அதனால 0.6-லிருந்து 2.1 ங்கிற எல்லை உங்க பூச்சிக்குப் பொருந்தாது. உள்ள வந்தது தற்செயல்.

மொய்னாவை விட்டுடணும்னு சொல்ல வரல. நம்ம தண்ணிக்கு, நம்ம வெயிலுக்குப் பழகின பூச்சி. 25 டிகிரியில நல்லா வளரும், பாலாறு ஏரிகள்ல நிஜமா இருக்குறதும் அதுதான். ஆனா அதுக்குன்னு சொந்த எல்லையை நீங்கதான் கட்டணும். ஒரே வளர்ப்பு, ஒரே தண்ணி, ஒரே வெப்பநிலையில டைகுரோமேட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்க. 20 ஓட்டம் சேர்ந்ததும் சராசரியும் திட்ட விலக்கமும் எடுத்து, சராசரியிலிருந்து ரெண்டு திட்ட விலக்கம் மேலயும் கீழயும் கோடு போடுங்க. அதுதான் உங்க எல்லை. அது வரைக்கும் வர்ற ஓட்டமெல்லாம் அட்டவணைக்குத்தான், கழிவுநீர் அறிக்கைக்கு இல்ல. சட்டப் பதிவுக்கோ ஏற்றுமதிக் கோப்புக்கோ மேக்னா எண் கேட்டா, மேக்னாதான் வேணும். அதை மொய்னாவால ஈடுகட்ட முடியாது.

இப்ப உங்க கண்ட்ரோலுக்கு வரேன். 24 மணியில 1, 48 மணியில 5. இந்த வரிசையே பாதி சொல்லிடுது. தண்ணியில குளோரினோ செம்போ இருந்தா முதல் நாளே விழும். ரெண்டாம் நாள் விழுறது பெரும்பாலும் பசி. மொய்னா குஞ்சு ரொம்பச் சின்னது, 27 டிகிரியில ரெண்டு மூணு நாள்லயே தாயாகிடும். அந்த வேகத்துல வளர்ற உடம்புக்கு 48 மணி பட்டினின்னா தாங்காது. மேக்னா குஞ்சு 20 டிகிரியில தாங்கும், அதுக்கு மஞ்சக்கரு கையிருப்பு அதிகம், செலவும் மெதுவு. மொய்னாவுக்கு ரெண்டு வழி இருக்கு. குஞ்சைப் பீக்கருக்கு மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி நேரம் பாசித் தண்ணியில வயிறு நிறைய மேய விடுங்க, குடல் பச்சையா தெரியணும். வெப்பநிலையை 25-க்கு இறக்குங்க. அப்படியும் 48 மணியில 2-க்கு மேல போனா சோதனையை 24 மணின்னே வச்சு, அறிக்கையிலயும் அப்படியே எழுதுங்க.

முதுகுல கருப்பா தெரியுற சேணம், பூச்சி கெட்ட காலத்துக்குப் போடுற முட்டை உறை. கூட்டம் அதிகமானா, தீனி குறைஞ்சா, தண்ணி கெட்டா வரும். அது வர ஆரம்பிச்சா ஆண் பூச்சியும் வந்திருக்கும். அந்தத் தொட்டியிலேருந்து சோதனைக்குக் குஞ்சு எடுக்காதீங்க. சேணம் இல்லாத, வயித்துல முட்டை தெரியுற ஒரே ஒரு தாயைத் தனியா 50 மி.லி. பீக்கர்ல போடுங்க. அதோட வாரிசை மட்டும் வளர்த்து மூணு நாலு தலைமுறை தாண்டினதும் சோதனைக்கு எடுங்க. அப்ப எல்லாம் ஒரே தாயோட நகல், ஒரே பழக்கம். முதல் ஈத்துக் குஞ்சு வேண்டாம், பலம் கம்மி. ரெண்டாம் ஈத்துலேருந்து எடுங்க. முந்தின நாள் சாயங்காலம் தொட்டியில இருக்குற எல்லாக் குஞ்சையும் சல்லடையில பிரிச்சு எடுத்துடுங்க. மறுநாள் காலையில இருக்குறதெல்லாம் 24 மணிக்கு உட்பட்டதுன்னு உறுதி.

எடுக்குற டிராப்பர் முனை குஞ்சை விட நல்லா அகலமா இருக்கணும். கண்ணாடி டிராப்பர் முனையை 3 மி.மீ. வர்ற இடத்துல வெட்டி நெருப்புல காட்டி மழுக்குங்க. விடும்போது முனை தண்ணிக்குள்ள முழுகி இருக்கணும். மேலேருந்து சொட்டு விட்டா ஓட்டுக்குள்ள காத்து புகுந்து மேல மிதக்கும். மிதக்குற குஞ்சு நீந்தாது, 15 விநாடி பார்த்தாலும் நகராது, விஷம் ஏறாமலே "நகராதது" கணக்குல சேர்ந்துடும். மிதந்தா பீக்கர் ஓரமா ஒரு சொட்டு அதே கரைசலை மேல விட்டு முழுக வைங்க.

எண்ணும்போது பீக்கரை மெல்ல ஒரு சுத்து சுத்தி 15 விநாடி பாருங்க. கொம்பு ஆடினாலும், இதயம் துடிச்சாலும், நீந்தலன்னா நகராததுதான். இதனாலதான் சாவுன்னு எழுதாம நகராமைன்னு எழுதுறோம், எல்.சி.50-ன்னு போடாம ஈ.சி.50-ன்னு போடுறோம். ஒருத்தரே ரெண்டு நாளும் எண்ணணும். கண்ட்ரோல்ல ஆரம்பிச்சு செறிவு ஏறுற வரிசையில போங்க.

ஒரு கேள்வி. ஜன்னல் பக்கம் தொட்டின்னு சொன்னீங்க. அந்த அறையில சாயங்காலம் கொசுவர்த்தியோ, பிளக்குல மாட்டுற திரவமோ ஓடுதா?

காட்பாடி_குடுவை எழுதியது:

ஆமா மேடம். பிளக்குல மாட்டுறது ராத்திரி ஏழு மணிக்கு மேல ஓடும், காவலர் போடுவார். தொட்டிக்கு மூடி கிடையாது. அது இவ்வளவு தூரம் வருமா?

நீர்த்தெள்ளு எழுதியது:

வரும் தம்பி. அதுல இருக்குறது டிரான்ஸ்ஃப்ளூத்ரின், அலெத்ரின் மாதிரி பைரெத்ராய்டு. பூச்சியைக் கொல்லவே செஞ்சது. மொய்னா, டாஃப்னியா எல்லாம் கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம், ரெண்டும் கணுக்காலிதான். இந்த வகை மருந்துங்க லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவுலயே டாஃப்னியாவைச் சாய்க்கும். தொட்டி மேல்பரப்புல ராத்திரி முழுக்கப் படிஞ்சா வளர்ப்பு மொத்தமா சாகாம போகலாம், ஆனா குஞ்சுங்க ஏற்கெனவே அடி வாங்கியே பீக்கருக்கு வரும். அந்த அறையில கொசு மருந்து, கரப்பான் மருந்து, சுவருக்குப் பெயின்ட், எதுவும் கூடாது. ஜன்னலுக்கு வலை அடிங்க.

காலித் தொட்டியை அசிட்டோன் போட்டுத் துடைச்சு, பல தடவை அலசிட்டுப் புதுசா ஆரம்பிங்க. பழைய தண்ணியில ஒரு சொட்டு கூட வேண்டாம்.

வடிநீர் எந்தக் கருவியிலேருந்து வருதுன்னும் பாருங்க. செம்புச் சுருள் வச்ச பழைய வடிகலன்னா செம்பு கரைஞ்சு வரும். பித்தளைக் குழாய் போட்ட ஆர்.ஓ.வும் அப்படித்தான். கடினத்தன்மை சரியா இருந்தாலும் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பு இந்தப் பூச்சிங்களுக்குப் போதும்.

பாலாறு எழுதியது:

கழிவுநீர்க் கேள்வியை யாரும் இன்னும் தொடவில்லை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

தோல் எப்படிப் பதப்படுகிறது என்பதை வரிசையாக நினைத்துப் பார்த்தால் எது கொல்கிறது என்பதற்கான பட்டியல் அதிலேயே கிடைக்கும். உப்புப் போட்ட தோலை ஊறவைக்கும்போது சோடியம் குளோரைடு வெளியே வருகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் முடி கழிக்கச் சோடியம் சல்ஃபைடு. சுண்ணாம்பை எடுக்க அமோனியம் சல்ஃபேட் அல்லது அமோனியம் குளோரைடு, அதிலிருந்து அமோனியா. கொழுப்பு நீக்கச் சோப்பு வகைகள். குரோம் ஏற்றிய வெட் ப்ளூ தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க டி.சி.எம்.டி.பி. போன்ற பூஞ்சைக்கொல்லி. குரோமியம் இந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். அதுவும் பதனிடுவதில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். 7.6 பி.எச்.-இல் அதில் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாகப் படிந்து அடியில் உட்கார்ந்துவிடும். நீங்கள் அளந்த 1.1-இல் எவ்வளவு கரைந்த நிலையில் இருக்கிறது என்று 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து மறுபடி அளந்து பாருங்கள்.

முதல் சந்தேகம் உப்பின் மேல். சோடியம் குளோரைடு 48 மணியில் பாதிப் பூச்சியைச் சாய்க்கும் அளவு டாஃப்னியா மேக்னாவில் லிட்டருக்கு 5 கிராம் அளவில் இருக்கும், சிரியோடாஃப்னியா டூபியாவில் 2 கிராம் அளவிலேயே வந்துவிடும். உங்கள் மாதிரியில் 7.8 கிராம். 100-இலும் 50-இலும் சின்னப் பூச்சி பிழைக்காது என்பதற்கு உப்பு ஒன்றே போதும். 25 சதவீதத்தில் 1.95 கிராம், எல்லைக்கோட்டில் நிற்கிறது. 12.5-இல் உப்பு 1 கிராம்தான், அங்கே 20-க்கு 6 போயிருக்கிறது. உப்பைத் தவிர வேறொன்றும் உள்ளே இருக்கிறது என்று நினைக்க வைப்பது இந்த இடம்தான். ஆனால் மொய்னாவுக்கு உப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே மூன்று வரிசை ஒரே நாளில், ஒரே குஞ்சுகளில் ஓட்டுங்கள். ஒன்று கழிவுநீர். இரண்டாவது, நீர்ப்புத் தண்ணீரில் சோடியம் குளோரைடு மட்டும் போட்டு 0.5, 1, 2, 4, 8 கிராம். மூன்றாவது, கழிவுநீரின் ஒவ்வொரு நீர்ப்புக்கும் ஒரு ஜோடி. அதன் மின்கடத்துத்திறனை அளந்து, அதே எண் வரும்வரை நீர்ப்புத் தண்ணீரில் உப்பைச் சேர்த்து வையுங்கள். ஜோடியில் பூச்சி பிழைத்து, கழிவுநீரில் செத்தால் உப்பு அல்லாத காரணம். இரண்டிலும் செத்தால் அந்த நீர்ப்பில் வேறெதையும் குற்றம் சொல்ல முடியாது.

அமோனியாவைக் கவனியுங்கள். பி.எச். 7-இல், 25 டிகிரியில், மொத்த அமோனியாவில் 0.6 சதவீதம்தான் அயனியாகாத நச்சு வடிவம். 8-இல் 5 சதவீதத்துக்கு மேல், 9-இல் மூன்றில் ஒரு பங்கு. திறந்த பீக்கரில் கழிவுநீர் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும், பி.எச். தானாக ஏறும். காலையில் 7.6 என்று எழுதியது மறுநாள் 8.4 ஆகியிருக்கலாம். அதனால் தொடக்கத்தில் மட்டுமல்ல, 24 மணியிலும் முடிவிலும் பி.எச். பாருங்கள். 1.5-க்கு மேல் நகர்ந்தால் அந்தச் செறிவைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

சல்ஃபைடு நேர்மாறு. பி.எச். இறங்கினால்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி வெறி பிடிக்கும், காற்றில் ஓடியும்விடும். மாதிரியைப் பாட்டிலின் வாய்வரை நிரப்பி மூடுங்கள், காற்றிடம் விடாதீர்கள். 4 டிகிரியில் வைத்து 36 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குங்கள். உலோகம் அளக்க அமிலம் விட்ட பாட்டிலிலிருந்து உயிரிச் சோதனைக்கு ஊற்றிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டு பாட்டிலுக்கும் வேறு வேறு நிறத்தில் மூடி போடுங்கள். முடிவில் கரைந்த ஆக்சிஜன் 3 மி.கி./லி.க்குக் கீழே போயிருந்தால் பூச்சி மூச்சு முட்டிச் செத்திருக்கலாம், அதை நச்சு என்று எழுதக் கூடாது.

உப்பு காரணமில்லை என்று தெரிந்தபின் ஒரே மாதிரியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு விதமாகப் பண்ணிப் பாருங்கள். ஒரு பங்கை ஒரு மணி நேரம் காற்று விட்டு வையுங்கள். நச்சு குறைந்தால் சல்ஃபைடு போல் ஆவியாகும் பொருள். ஒரு பங்கில் சோடியம் தயோசல்ஃபேட். குறைந்தால் குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றி. ஒரு பங்கில் உலோக அயனிகளைப் பிடித்துக் கட்டும் ஈ.டி.டி.ஏ. போடுங்கள். நச்சு குறைந்தால் செம்பு, துத்தநாகம், காட்மியம் மேல் சந்தேகம். குரோமேட் எதிர்மின் அயனி, ஈ.டி.டி.ஏ. அதைப் பிடிக்காது. எனவே இதில் குறையவில்லை என்பதற்காகக் குரோமியம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், நிறம் காட்டும் டைஃபீனைல் கார்பசைடு போட்டு 540 நானோமீட்டரில் அளந்ததுதான் பேசும். சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் வெறும் நீர்ப்புத் தண்ணீரிலும் போட்டு ஒரு கண்ட்ரோல் வையுங்கள். ஈ.டி.டி.ஏ. கூடுதலானால் கால்சியத்தைக் கட்டிவிட்டு அதுவே பூச்சியைக் கொல்லும். இதே காரணத்தால் உலோகச் சோதனைக்கு ஈ.டி.டி.ஏ. கலந்த எம்4 வளர்ப்புத் தண்ணீரையும் எடுக்காதீர்கள்.

அறிக்கையில் சதவீதத்தோடு நச்சு அலகும் எழுதுங்கள். 100-ஐ ஈ.சி.50 சதவீதத்தால் வகுத்தால் வருவது. உங்கள் கணக்கில் ஈ.சி.50 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் விழுகிறது, ஆறு ஏழு அலகு. ஆண்டில் பெரும்பாலான மாதம் மணலாய்க் கிடக்கும் பாலாற்றில் நீர்த்துப் போக வேறு தண்ணீர் கிடையாது. ஆறு ஏழு அலகு உள்ள நீர் அங்கே இறங்கினால் அதே வலுவோடு கிணற்றுக்குத்தான் போகும். மத்திய விதிகளில் தொழிற்சாலைக் கழிவுநீருக்குக் கேட்கும் உயிரிச் சோதனை மீனை வைத்து, 100 சதவீத நீரில் 96 மணி நேரம், 90 சதவீதம் பிழைக்க வேண்டும் என்பது. மொய்னா எண் அதற்கு மாற்றாகாது, ஆனால் மீனுக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பதையும் இந்த ஆற்றை வைத்துத்தான் சொன்னது. இங்கே எடுக்கிற எண் எந்த நாளிலும் ஒரு கோப்புக்குள் போகும். மாதிரி எடுத்த நேரம், இடம், வெப்பநிலை, கண்ட்ரோல் எண், அந்த மாதத்து டைகுரோமேட் எண், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

ஏரிப்பாசனம் எழுதியது:

இதோட ஒட்டின விஷயம் ஒண்ணு. ஆற்காடு, காவேரிப்பாக்கம் பக்கம் நெல் வயல் வடிகால் தண்ணியையும் இதே பூச்சியில பார்க்கலாமான்னு சிலர் கேக்குறாங்க. மருந்தைப் பொறுத்தது. பைரெத்ராய்டு, ஆர்கனோபாஸ்பேட் வகைன்னா டாஃப்னியா உடனே காட்டும். இமிடாக்ளோபிரிட் அடிச்ச வயல்னா டாஃப்னியாவை நம்பாதீங்க. மேக்னாவுக்கு அதோட 48 மணி ஈ.சி.50 லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம். அதே மருந்து கைரோனோமஸ் புழுவை, அதான் மீன் கடையில ரத்தப்புழுன்னு விக்கிறது, மைக்ரோகிராம் அளவுலயே படுக்க வச்சிடும். அதுக்குத்தான் ஓ.ஈ.சி.டி. 235 தனியா இருக்கு, பொரிஞ்சு 24 மணிக்கு உட்பட்ட முதல் பருவப் புழு, 48 மணி. டாஃப்னியா பிழைச்சதுன்னு வடிகால் தண்ணி சுத்தம்னு எழுதிக் கொடுத்துடாதீங்க.

காட்பாடி_குடுவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திட்டம் இப்படி: கொசு மருந்து இன்னியிலேருந்து நிறுத்தம், தொட்டி புதுசு, ஒத்தைத் தாயிலேருந்து வளர்ப்பு, 25 டிகிரி, மேய்ச்ச குஞ்சு, டைகுரோமேட் உப்பு எடையில. அப்புறம் உப்பு ஜோடியோட கழிவுநீர்.

ஒரே ஒரு சந்தேகம். நாலு உப்பையும் கெட்டியா ஒரே பாட்டில்ல ஸ்டாக் போட்டு வச்சுக்கலாமா? அடியில வெள்ளையா படியுது. டைகுரோமேட் மிச்சத்தை எங்க ஊத்துறது?

மேல்விஷாரம்_வேதியியல் எழுதியது:

ஒரே பாட்டில் கூடாது தம்பி. கெட்டியான நிலையில் கால்சியம், பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பனேட்டாகப் படியும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். படிந்த அளவுக்கு உங்கள் தண்ணீரில் கால்சியம் குறையும். நான்கு பாட்டில் தனித்தனியாக வையுங்கள். லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 11.76 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 4.93 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.59 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.23 கிராம். முக்கால் லிட்டர் வடிநீரை முதலில் ஊற்றிவிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் 25 மி.லி. எடுத்துச் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். உப்பின் படிகநீரைப் பாட்டில் சீட்டில் பாருங்கள். நீரற்ற கால்சியம் குளோரைடை அதே 11.76 என்று போட்டால் கடினத்தன்மை 315-க்குப் பக்கத்தில் ஏறிவிடும். இரவு முழுக்கக் காற்று விட்டு, காலையில் பி.எச். 7.8-ஐச் சுற்றி நிற்கிறதா என்று பார்த்த பிறகே எடுங்கள்.

டைகுரோமேட்டைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர் மஞ்சளானதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மிச்சத்தை ஒரே கேனில் சேருங்கள். கந்தக அமிலம் விட்டு பி.எச். 2 முதல் 3-க்குள் இறக்கி, புகைப்போக்கிக்கு அடியில் சோடியம் பைசல்ஃபைட்டைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், மஞ்சள் போய்ப் பச்சை வரும்வரை. டைஃபீனைல் கார்பசைடு ஒரு சொட்டு விட்டு ஊதா வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு சுண்ணாம்பு நீர் விட்டு 8.5-க்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடு பச்சைச் சேறாக இறங்கும். வடித்த சேற்றை ஆபத்தான கழிவு டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். தூளை நிறுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், மூச்சில் போனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது.